அத்தியாயம் 7: எதன் மேல் எது

தாராவியிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் பிடிக்கக் கிளம்பும் குடும்பங்களில் மூட்டை கட்டுகிறவர் பெரும்பாலும் அம்மாதான். குக்கரும் எவர்சில்வர் பாத்திரமும் அடியில், துணிமணி நடுவில், ஊருக்கு வாங்கிய கண்ணாடி டம்ளர் மேலே. மதுரையில் இறங்கப்போகும் சித்தியின் பை, திருநெல்வேலி வரை போகிற டிரங்குப் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டால், மதுரை பிளாட்பாரம் வரும்போது வண்டிக்குள் ஒரு சின்னக் கலவரமே நடக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் பலகாரத் தூக்கையும் ஒரே பையில் போட்டால் என்ன ஆகும் என்பதும் அம்மாவுக்குத் தெரியும்.

கன்டெய்னர் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்ப்பவருக்கும் இந்த மூன்று கணக்குதான். கனமானது கீழே. முதலில் இறங்குவது மேலே. ஒன்றுக்கொன்று ஆகாதவை தள்ளித் தள்ளி. ஆனால் இங்கே ஒரு பெட்டி 30 டன் வரை இருக்கும், அடுக்கு ஐந்தாறு மாடி உயரத்துக்குப் போகும், தவறு தெரியவரும்போது கப்பல் நடுக்கடலில் இருக்கும்.

பம்பாயில் இந்த வேலைக்கு இடம் மாறிவிட்டது. ஒருகாலத்தில் மராத்தியர் 'கோதி' என்று சொல்லும் பழைய டாக்குகளில்தான் எல்லாம் நடந்தது. 1989 மே 26 அன்று வளைகுடாவின் எதிர்க்கரையில் நவ ஷேவாவில் ஜவஹர்லால் நேரு துறைமுகம் தொடங்கிய பிறகு பெட்டிகள் மெல்ல மெல்ல அங்கே போய்ச் சேர்ந்தன. 2024-25 நிதியாண்டில் அங்கே கையாளப்பட்டது சுமார் 73 லட்சம் டீஇயூ, அதாவது 20 அடிப் பெட்டிக் கணக்கில் அவ்வளவு. செம்பூர்க்காரர் ஷிப்டுக்குப் போக மான்கூர்ட், வாஷி, பேலாப்பூர் என்று சுற்றவேண்டியிருந்தது. 2024 ஜனவரி 12-ஆம் தேதி சேவ்ரியிலிருந்து 21.8 கி.மீ. நீளத்தில் அடல் சேது திறந்தது. மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் போகிறவர்களுக்கு அதன் பிறகு கடல் மேலேயே வழி.

படத்தைப் படிப்பது

கப்பல் வருவதற்கு முன்பே 'பே பிளான்' வந்துவிடும். கப்பலைக் குறுக்கே ரொட்டித் துண்டு போல வெட்டிக் காட்டும் படம் அது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு இலக்க முகவரி உண்டு. 140682 என்று இருந்தால், முதல் இரண்டு இலக்கம் கப்பலின் நீளவாக்கில் எந்த இடம் என்று சொல்கிறது. ஒற்றை எண் என்றால் 20 அடிப் பெட்டி, இரட்டை எண் என்றால் 40 அடி. ஆகவே 14 என்பது 13-ஐயும் 15-ஐயும் சேர்த்து அடைத்துக்கொண்டிருக்கும் 40 அடிப் பெட்டி. அடுத்த 06 குறுக்குவாக்கில். நடுவிலிருந்து வலப்பக்கம் ஒற்றை எண்கள், இடப்பக்கம் இரட்டை எண்கள். கப்பலுக்குள் நின்று அதன் முன்பக்கத்தைப் பார்த்தபடி இடம் வலம் சொல்லவேண்டும். 06 என்றால் இடப்பக்கம் மூன்றாவது வரிசை. கடைசி 82, மேல்தளத்தில் முதல் அடுக்கு. அதற்கு மேல் 84, 86 என்று போகும். கப்பலின் கிடங்குக்குள் 02, 04 என்று அடியிலிருந்து எண்ணிவர வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் இதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார். பிடிக்காதவர் ஒரு மாதம் கழிந்தாலும் இடம் வலம் மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். அவரைப் பெட்டி எண் குறிக்கும் டாலி வேலையிலேயே விட்டுவிடுவது எல்லாருக்கும் நல்லது.

படம் கைக்கு வந்ததும் பார்க்கவேண்டியது மொத்தம் எத்தனை பெட்டி என்பதல்ல, ஒரே இடத்தில் எத்தனை குவிந்திருக்கிறது என்பது. உதாரணத்துக்கு, 1,200 தூக்கு, நான்கு கிரேன் என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் கிரேனுக்கு 300. மணிக்கு 25 தூக்கு என்றால் 12 மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் அதில் 400 தூக்கு, ஒரு கிரேன் மட்டுமே நிற்கக்கூடிய இடத்தில் குவிந்திருந்தால் கப்பல் கிளம்ப 16 மணி நேரம் ஆகும். மற்ற மூன்று கிரேன்களும் முன்னதாக முடித்துவிட்டுச் சும்மா நிற்கும். கடைசியாக முடிக்கும் இந்த ஒற்றைக் கிரேனைத்தான் 'லாங் கிரேன்' என்கிறார்கள். ஷிப்ட் முழுக்க மேற்பார்வையாளரின் கண் அதன் மேல்தான் இருக்கவேண்டும். அங்கே பத்து நிமிடம் போனால் கப்பலுக்கே பத்து நிமிடம் போனதாகக் கணக்கு. மற்ற கிரேனில் போனால் டீ குடிக்கும் நேரம்தான்.

அடுக்கும் ஒழுங்கில் ஒரு விதியைப் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வதுண்டு. இரண்டு 20 அடிப் பெட்டிகளின் மேல் ஒரு 40 அடிப் பெட்டி உட்காரும். ஒரு 40 அடியின் மேல் இரண்டு 20 அடி உட்காராது. பெட்டியின் பலம் முழுவதும் நான்கு மூலைத் தூண்களில் இருக்கிறது. 40 அடியின் நடுவில் தூண் கிடையாது. அங்கே 20 அடிகளின் உள்மூலைகள் அழுத்தினால் கூரை தகரம் போல உள்ளே போகும். கதவில் அடித்திருக்கும் தகட்டிலும் ஒரு எண்ணைப் பார்க்கவேண்டும். அந்தப் பெட்டி தன் தலைமேல் எவ்வளவு தாங்கும் என்பது அது. வழக்கமாக 1,92,000 கிலோ அல்லது அதற்கு மேல் இருக்கும். குறைவாக இருந்தால் அந்தப் பெட்டிக்கு அடித்தட்டில் இடம் இல்லை.

கனம் கீழே என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாக் கனத்தையும் அடியில் கொட்டினால் கப்பல் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஆகிவிடும். சாய்ந்த வேகத்தில் வெடுக்கென்று நிமிரும். அந்த வெடுக்கில்தான் மேல்தளத்துப் பெட்டிகளைப் பிடித்துக் கட்டும் லேஷிங் கம்பிகள் அறுகின்றன. ஆகவே திட்டத்தில் ஒரு கனப்பெட்டி கொஞ்சம் உயரே இருந்தால் உடனே தவறென்று முடிவுகட்டாமல், கப்பலின் சீஃப் ஆபிசரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். அவருக்குக் காரணம் இருக்கும்.

மேலே ஏறிய பிறகு

கப்பலைக் கரையில் கட்டியதும் கேங்வேயில் முதலில் ஏறுகிறவர்களில் மேற்பார்வையாளர் ஒருவர். சீஃப் ஆபிசரோடு உட்கார்ந்து மூன்று விஷயம் பேசவேண்டும்: எந்த ஹட்ச் (கிடங்கின் வாய்) முதலில், எந்தப் பெட்டியில் ஆபத்தான சரக்கு, எந்தக் கருவி பழுது. மூன்றாவதைக் கேட்க மறப்பவர்களே அதிகம். லேஷிங் பாலத்தின் கைப்பிடி உடைந்திருப்பது இருட்டில் ஆள் அதன்மேல் சாய்ந்த பிறகு தெரியவந்தால் யாருக்கும் பயனில்லை.

லேஷிங் அவிழ்ப்பது இப்போது வேலை நடக்கப்போகிற அடுக்கில் மட்டும்தான். நேரம் மிச்சம் என்று கப்பல் முழுக்க முன்கூட்டியே அவிழ்த்துப்போடுவது சில இடங்களில் வழக்கம். கெட்ட வழக்கம். கிரேன் இன்னும் நெருங்காத அடுக்கு கட்டில்லாமல் நிற்கும்.

கிரேன் வேலையில் பம்பாய்க்கு ஒரு மொழி இருக்கிறது. ஆரியா என்றால் இறக்கு. ஹபேஸ் என்றால் தூக்கு. ஆரியா போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த கப்பல் சொல். இன்று கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் ஒலிக்கிறது. திருநெல்வேலிக்காரரும் பீகாரியும் ரத்னகிரிக்காரரும் ஒரே ஷிப்டில் நிற்கும்போது இந்த இரண்டு சொல்லுக்கு அகராதி தேவைப்படுவதில்லை. ஆனால் வாக்கி-டாக்கியில் ஒரு கிரேனுக்கு ஒருவர்தான் சொல்லவேண்டும். 'நிறுத்து' என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஒரு ராத்திரி ஷிப்டை நினைத்துக்கொள்ளலாம். மேல்தளத்தில் நான்காவது அடுக்கு. கிரேனின் பிடியான ஸ்பிரெடர் இறங்கிப் பெட்டியைப் பிடித்துவிட்டது. கீழிருந்து குரல் வருகிறது.

"அண்ணாச்சி, பின்னாடி ஒரு லாக் திறக்கல."

"எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம். கம்பி இழுத்தா வரமாட்டேங்கு."

"நிப்பாட்டச் சொல்லியாச்சு. நீ வெளியே வா முதல்ல. பெறவு பாப்போம்."

'நீ வெளியே வா' என்பது 'பெறவு பாப்போம்' என்பதற்கு முன்னால் வந்தது கவனிக்கத்தக்கது. பெட்டியை அடுக்கோடு பிணைக்கும் ட்விஸ்ட் லாக்கில் நான்கில் ஒன்று திறக்காமல் கிரேன் தூக்கினால், கீழே உள்ள பெட்டியும் சேர்ந்து எழும், பாதியில் கழன்று விழும். ஆகவே எந்தத் தூக்கும் முதல் சாண் உயரம் மெதுவாகப் போய் ஒரு கணம் நிற்கவேண்டும். நான்கு மூலையிலும் இடைவெளி தெரிகிறதா என்று பார்த்த பிறகே மிச்ச உயரம். கரையில் டிரெய்லரிலிருந்து தூக்கும்போதும் இதே கதைதான். டிரெய்லரின் பூட்டு ஒன்று திறக்காமல் இருந்தால் லாரியே ஓட்டுநரோடு அந்தரத்தில் ஏறும்.

ட்விஸ்ட் லாக்குகளில் இடக்கைப் பூட்டு, வலக்கைப் பூட்டு என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒரே கூடையில் கலந்துவிட்டால், கைப்பிடி ஒரே திசையில் நிற்கும் இரண்டு பூட்டில் ஒன்று பூட்டியிருக்கும், மற்றது திறந்திருக்கும். பார்வைக்கு எல்லாம் சரியாகத் தோன்றும். கலந்த கூடையைக் கண்டால் கப்பல்காரரிடம் திருப்பித் தந்து பிரித்துத் தரச் சொல்லவேண்டும். கோபிப்பார்கள், பரவாயில்லை.

கிடங்குக்குள் பெட்டி செங்குத்தான தண்டவாளங்களுக்கு நடுவே இறங்குகிறது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் பெட்டி நடுவழியில் சிக்கும். அப்போது ஆபரேட்டர் கொஞ்சம் இழுத்துப் பார்க்கத்தான் நினைப்பார். விடக்கூடாது. எந்தப் பக்கத்துப் பெட்டிகளை அதிகம் இறக்கிவிட்டோம் என்று பார்த்து, சாய்வை நிமிர்த்தும்படி கப்பலிடம் சொல்லவேண்டும். இங்கே கடலும் சும்மா இருப்பதில்லை. பம்பாயில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றவற்றம் நான்கு மீட்டரையும் தாண்டுவதுண்டு. பழைய இந்திரா டாக்கில் மதகு வைத்து நீரை அடைத்து வைத்திருந்தார்கள், கப்பல் ஒரே மட்டத்தில் நின்றது. நவ ஷேவாவில் அந்த வசதி இல்லை. ஷிப்ட் தொடங்கும்போது கரையோடு மட்டமாக இருந்த கேங்வே, சாப்பாட்டு நேரத்தில் ஏணியாக நிற்கும். கயிறுகள் தளர்ந்தால் கப்பல் ஓரடி முன்னே பின்னே நகரும், கிரேன் ஆபரேட்டர் பெட்டியின் மூலையைத் தேடித் திண்டாடுவார்.

காற்றைப் பற்றி ஒரு பத்தி போதும். கரைக் கிரேன்கள் பொதுவாக மணிக்கு 72 கி.மீ. அளவுக் காற்றில் வேலையை நிறுத்திவிடவேண்டியவை. நிறுத்திய பிறகு தரையில் உள்ள குழியில் புயல்-ஆணி இறக்கிக் கட்டவேண்டும். 2020 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பம்பாயில் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டிய காற்றில் நவ ஷேவாவில் மூன்று கிரேன்கள் சரிந்து விழுந்தன. ஆடி மாதத்துக் காற்றை ஊர்ப்பக்கம் பழமொழிக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே அதற்கு மீட்டர் வைத்திருக்கிறார்கள். மீட்டரைப் பார்க்கவேண்டும்.

எழுதியிருப்பதும் உள்ளிருப்பதும்

தாராவியில் தைத்த தோல் பை சரக்குக் கிடங்கில் பெட்டிக்குள் ஏறிச் சீல் வைக்கப்பட்ட பிறகு, உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு கனம் என்பதற்கு மேற்பார்வையாளருக்குக் காகிதம்தான் சாட்சி. காகிதம் பொய் சொன்ன கதை ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. 2007 ஜனவரியில் எம்.எஸ்.சி. நாபோலி என்ற கப்பல் புயலில் உடல் விரிசல் கண்டு பிரான்ஸ்கம் கடற்கரையில் தரைதட்ட வைக்கப்பட்டது. மேல்தளத்துப் பெட்டிகளை எடைபோட்டபோது, சுமார் 660 பெட்டிகளில் 137, அறிவித்த எடையிலிருந்து மூன்று டன்னுக்கு மேல் விலகியிருந்தன. ஒரு பெட்டியில் மட்டும் 20 டன் வித்தியாசம். இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு, 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் எந்தப் பெட்டியும் கப்பலில் ஏறக்கூடாது என்ற உலக விதி வந்தது.

விதி வந்ததால் பொய் நின்றுவிடவில்லை. கிரேன் கேபினிலேயே எடைகாட்டி இருக்கிறது. திட்டத்தில் 12 டன் என்று இருப்பதை ஆபரேட்டர் 21 என்று படித்தால், அதைத் தூக்கி வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல், கரையிலேயே ஓரமாக வைக்கச் சொல்லும் துணிவு மேற்பார்வையாளருக்கு வேண்டும். வைத்த பிறகு அதன் தலைமேல் இன்னும் நான்கு ஏறிவிடும்.

பெட்டி எண்ணை எழுதிக்கொள்வதிலும் ஏமாறலாம். மழையில் நனைந்த டாலி சீட்டில் 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும். அதற்குத்தான் கடைசியில் ஒரு கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். பாடப்புத்தகங்கள் தரும் எடுத்துக்காட்டு எண் சி.எஸ்.க்யூ.யு. 305438, கட்டத்தில் 3. எழுத்துகளுக்கு 10-லிருந்து எண் கொடுக்கிறார்கள், 11, 22, 33-ஐத் தாண்டிவிட்டு. அப்படிப் பார்த்தால் சி 13, எஸ் 30, க்யூ 28, யு 32. பிறகு முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், அடுத்ததை 4-ஆல் என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கிக் கூட்டினால் 6,185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்தில் இருப்பதும் 3. ஓர் இலக்கம் தப்பாக எழுதியிருந்தால் மீதி இடிக்கும். இன்று கேமராவும் கணினியும் இதைக் கண்சிமிட்டும் நேரத்தில் செய்துவிடும். ஆனால் சிஸ்டம் படுத்துவிட்ட ராத்திரியில் காகிதமும் பேனாவும்தான் துணை. வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பத்து எண்ணுக்குப் போட்டுப் பழகிவைப்பது நல்லது.

ஒன்றுக்கொன்று ஆகாத சரக்கைப் பற்றி பம்பாய்க்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. 1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் நின்றது. சுமார் 1,400 டன் வெடிபொருள், தங்கக் கட்டிகள், அதோடு கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள். பஞ்சும் வெடிபொருளும் ஒரே கிடங்கில் இருந்தன. மதியம் பஞ்சில் புகை கண்டது. நான்கு மணிக்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு வெடிப்பு. டாக்கும் அதைச் சுற்றிய பகுதிகளும் எரிந்தன, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், அவர்களில் தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். நாடு முழுக்க ஏப்ரல் 14 அன்று தீயணைப்பு வாரம் தொடங்குவது இதனால்தான். கராச்சியில் அந்தப் பொதிகளை ஏற்றிய பொழுதில் யாரோ ஒருவர் இது இங்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்திருக்கலாம். போர்க்காலம், இடத்துக்குத் தட்டுப்பாடு, பிடிவாதம் எடுபடவில்லையோ என்னவோ.

இன்று ஆபத்துச் சரக்குக்கு ஒன்பது வகுப்புகள், எது எதிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அட்டவணை, பெட்டியின் நான்கு பக்கமும் சாய்சதுர ஒட்டி எல்லாம் இருக்கின்றன. மேற்பார்வையாளர் ஒட்டியையும் திட்டத்தையும் ஒப்பிடவேண்டும், அடியில் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். கரையில் கண்டுபிடித்த கசிவுக்குப் பெட்டியை ஒதுக்கினால் போதும். கப்பலில் ஏறிய பிறகு யாரும் அதை வாங்கிக்கொள்ளமாட்டார்கள். 2021-இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் நைட்ரிக் அமிலப் பெட்டி ஒன்று கசிந்தது. கத்தாரின் ஹமாத், குஜராத்தின் ஹசீரா இரண்டு துறைமுகங்களிலும் அதை இறக்க வழி கிடைக்கவில்லை. மே 20-ஆம் தேதி கொழும்புக்கு வெளியே கப்பல் பற்றி எரிந்தது, ஜூன் தொடக்கத்தில் மூழ்கியது, இலங்கையின் மேற்குக் கரையெங்கும் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது. 2025 ஜூன் 9 அன்று கேரளக் கரைக்கு அப்பால் தீப்பிடித்த வான் ஹாய் 503, கொழும்பிலிருந்து நவ ஷேவாவுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கப்பலில் இருந்த 22 பேரில் 18 பேரை மீட்டார்கள். நால்வர் காணாமல் போனார்கள்.

குளிர்பெட்டிகளைப் பற்றித் தனி அத்தியாயம் வருகிறது. இங்கே ஒன்று மட்டும்: பிளக்கைப் பிடுங்கிய நேரத்தையும் செருகிய நேரத்தையும் எழுதிவைக்காதவர், இறால் கெட்டுப்போன வழக்கில் வாய் திறக்கமுடியாது.

எழுதிவைப்பது மற்ற எல்லாவற்றுக்கும் பொருந்தும். மழைக்காக நிறுத்தியது எத்தனை மணிக்கு, திரும்பத் தொடங்கியது எத்தனை மணிக்கு, எந்தப் பெட்டியின் கதவு இறங்கும்போதே நசுங்கியிருந்தது, எந்த ஹட்ச் மூடியை யார் எங்கே வைக்கச் சொன்னார்கள். ஷிப்ட் முடிவில் நினைவிலிருந்து எழுதிய குறிப்புக்கும் அந்தந்த நேரத்தில் எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் வக்கீல்களுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

கடைசிப் பெட்டி ஏறியதும் கிரேன்கள் கையை மேலே தூக்கிக்கொள்ளும். அந்தக் கணத்தில் எல்லாருக்கும் வேலை முடிந்த உணர்வு வந்துவிடுகிறது. மேற்பார்வையாளருக்கு இன்னும் அரைமணி இருக்கிறது. லேஷிங்கைச் சீஃப் ஆபிசரோடு நடந்து பார்க்கவேண்டும். பூட்டுக் கூடைகள் கப்பலுக்குத் திரும்பினவா, கரையில் கிடக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கப்பலின் முன்னும் பின்னும் நீர்மட்ட அளவைக் குறிக்கவேண்டும். காகிதங்களில் கையெழுத்து வாங்கவேண்டும். பிறகு லேஷிங் ஆட்களை கேங்வேயின் அடியில் வரிசையாக நிறுத்தி, ஏறியது எட்டுப் பேர் என்றால் இறங்கியதும் அதே எட்டுப் பேர்தானா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். துறைமுக பைலட் வந்து காத்திருந்தாலும், ஏற்றம் இறங்கத் தொடங்கியிருந்தாலும், எட்டாவது பெயருக்குக் குரல் வரும்வரை கேங்வேயைத் தூக்கச் சொல்லக்கூடாது.